சேறும் புழுதியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே, முரசுமோட்டையை அண்டிய ஊரொன்றில், காலபோக விதைப்பு நாட்களின் மாலைப்பொழுதுகளிலே ஓர் உழவு இயந்திரம் வயலிலிருந்து வரம்பேறி வந்து மருதமர நிழலிலே நிற்கும். அதன் நிறம் சிவப்பு என்பர். அந்நாட்களிலே அதன் நிறம் சேற்றின் நிறமேயாகும். இயந்திரம் நின்றவுடன் எவரும் அதன்மேல் நீர் ஊற்றுவதில்லை. அவ்வாறு ஊற்ற முயன்ற பேரனை அதன் உடைமையாளரான முதியவர் ஒருமுறை கைத்தடியை நீட்டித் தடுத்ததுண்டு. முதலிலே சூடு ஆற வேண்டும். எஞ்சினின் பக்கத்திலே உள்ளங்கையை வைத்து, பத்து எண்ணும் வரை எடுக்காதிருக்க முடிந்தால் மாத்திரமே வாளியைத் தூக்கலாம். அந்த வீட்டிலே இது எழுதப்படாத சட்டம்.

சூடு ஆறும் வரை சும்மா இருப்பதுமில்லை. ஈரச் சேறு இலகுவில் உரியும்; காய்ந்துவிட்டாலோ வன்னிக் களி செங்கல்லுக்கு ஒப்பானது. ஆகவே சில்லுகளின் உட்புறத்திலும் முன்னச்சின் மேலும் அப்பியிருக்கும் சேற்றை மரச்சிராயினால் வழித்தெடுப்பார்கள். இரும்புத் தகட்டினால் சுரண்டுவதற்கு அனுமதியில்லை. ஒயில் சீலின் விளிம்பிலே ஒரு கீறல் விழுந்தால் போதும், அடுத்த நாட் சேறு அதன் வழியே உள்ளே போய்விடும். சேற்றினும் கொடியது புல். கோரையும் வைக்கோலும் சில்லின் குடத்துக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட சந்திலே கயிறுபோல் முறுகிச் சுற்றிக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு அது தெரியாது. முதியவர் குந்தியிருந்து அந்தச் சந்துக்குள் விரலை விட்டுத் தேடி, நுனி அகப்பட்டதும் மெல்ல மெல்ல இழுத்தெடுப்பார். கண்ணிலே வெள்ளை படர்ந்து சில ஆண்டுகளாகிவிட்ட அவருக்கு இவ்வேலையில் இன்றுவரை ஒரு குறையும் நேர்ந்ததில்லை.

அவருடைய தந்தையார் எருமைகளைக் கொண்டு சேறு மிதித்தவர். மாலையிலே எருமைகளைக் குளத்தில் இறக்கி, வைக்கோற் புரியினால் தேய்த்து, அட்டை கடித்த கால்மடிப்பையும் நுகம் பட்டுத் தோலுரிந்த பிடரியையும் விரலால் தடவிப் பார்த்த பின்னரே அவர் வீடு திரும்புவார். சிறுவனாயிருந்த மகனுக்கு ஒப்படைக்கப்பட்ட முதல் வேலையும் அதுவே. மாட்டைக் கழுவுகிறவனுக்கே மாட்டின் நோய் முதலிலே தெரியும் என்பதை அக்காலத்துக் கமக்காரர் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதியவர் இன்று இயந்திரத்தைக் கழுவுவதை நோக்குமிடத்து, அந்த எருமைக் கழுவலே இரும்புக்கு இடம் மாறியிருக்கின்றது என்று கூறத் தோன்றும். ஒரேயொரு வேறுபாடு உண்டு. எருமையைக் குளத்திலே இறக்கலாம், இயந்திரத்தை இறக்கலாகாது. லொறிகளையும் றக்ரர்களையும் குளத்தங்கரையிலே அச்சளவு நீருக்குள் நிறுத்திக் கழுவுவோர் வன்னியில் இன்றும் உளர். அதனால் அச்சுக்குள்ளே நீர் ஏறும்; நீரின்மேலே எண்ணெய் படரும். “நாங்கள் குளிக்கிற தண்ணியிலை ஒயிலைக் கலக்கிறதோ?” என்பதே அதைப்பற்றி அவர் வழங்கும் தீர்ப்பு.

அந்த இயந்திரம் மாஸி பெர்குசன் 135 வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து பானர் லேன் தொழிற்சாலையிலே 1964 இல் உற்பத்தி தொடங்கிய வகை அது. மூன்று சிலிண்டர்களையும் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கொள்ளளவையும் உடைய பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் அதிலே பொருத்தப்பட்டுள்ளது. 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட ஆட்சிக்காலத்திலே மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் வடபகுதியின் மேட்டுநிலப் பயிர்களுக்கு அதற்கு முன் கண்டிராத விலை கிடைத்தமை பொருளியல் பயிலும் மாணவர் அறிந்த வரலாறு. விசுவமடுப் பக்கத்திலே குத்தகைக்கு எடுத்த காணியிலே மிளகாய் செய்து பெற்ற பணத்தோடு, தாலிக்கொடி தவிர்ந்த மனைவியின் நகைகளையும் சேர்த்து, ஏற்கெனவே ஒருவரிடம் ஓடிய அந்த இயந்திரத்தை 1974 இல் அவர் வாங்கினார். 1977 இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது; மிளகாய் விலை வீழ்ந்தது; குத்தகைக் காணியும் கைவிட்டுப் போயிற்று. இயந்திரம் எஞ்சியது. அதனை உருவாக்கிய கொவென்றித் தொழிற்சாலையோ 2002 இல் மூடப்பட்டது. ஆயினும் சென்னையிலே 1960 இல் நிறுவப்பட்டு இவ்வகை இயந்திரங்களைச் செய்துவரும் நிறுவனமொன்று இருப்பதனால், ‘இந்தியச் சாமான்’ என்ற பெயரிலே உதிரிப்பாகங்கள் கிளிநொச்சிக் கடைகள் வரை வந்து சேர்கின்றன.

இவ்விடத்து இயந்திரத்தின் அமைப்பைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஹரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர், கலப்பையை வண்டிபோலப் பின்னாலே இழுத்துச் செல்லும் முறையை மாற்றி, அதனை மூன்று புள்ளிகளிலே இயந்திரத்தோடு பிணைத்து, எண்ணெயின் அமுக்கத்தினால் தூக்கவும் தாழ்த்தவும் வகை செய்தவர். அவருடைய அமைப்பைப் பின்பற்றிய இவ்வியந்திரத்திலே கலப்பையைத் தூக்கும் எண்ணெயும் கியர்ப் பற்களை நனைக்கும் எண்ணெயும் ஒன்றே. அது பின்னச்சோடு சேர்ந்த பெரிய பெட்டிக்குள்ளே கிடக்கின்றது. பெட்டியோ நாள்முழுதும் சேற்று நீருக்குள்ளே அரையளவு அமிழ்ந்து திரிகின்றது. எந்தச் சந்தின் வழியாகவேனும் நீர் உட்புகுமாயின் கலப்பையும் கியரும் ஒருங்கே கெடும்.

இதனை அறிவதற்கு முதியவர் கையாளும் வழி எளிமையானது. அதிகாலையிலே, இயந்திரத்தை இயக்குமுன்னர், பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய் இறக்கும் நட்டைச் சிறிது தளர்த்துவார். நீர் எண்ணெயினும் பாரமானது. இரவு முழுவதும் அசையாது நின்ற பெட்டியிலே அது அடியிற் சென்று தங்கியிருக்கும். முதலிலே எண்ணெய் கசிந்தால் அன்றைக்கு உழவுக்குப் போகலாம். நீர் கசிந்தால் எங்கோ ஒரு சீல் போய்விட்டது. இயந்திரத்தை ஓட்டிய பின்னர் இச்சோதனை பயன்படாது. எண்ணெயும் நீரும் கடையப்பட்டுப் பால்போல வெளுத்துவிடும். அதன்பின் அவ்வளவு எண்ணெயையும் ஊற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒயில் விலை விற்கின்ற இக்காலத்தில் அது ஒரு சிறு கமக்காரனுக்கு எத்தகைய இழப்பு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சேறு இவ்வியந்திரத்தின் ஒரு பகை. மற்றையது புழுதி. வன்னியின் பெரும்பாலான வயல்களிலே புரட்டாதியில் நிலம் காய்ந்து கிடக்கும்போதே உழுது விதைத்துவிட்டு மழையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் புழுதி விதைப்பு நாட்களிலே இயந்திரத்தின் பின்னே எழும் தூசிப்படலம் அடுத்த ஊருக்கும் தெரியும். எஞ்சின் அந்தக் காற்றையே மூச்சாக உள்ளிழுக்க வேண்டும். அதற்காக எயார் கிளீனரின் அடியிலே ஒரு கிண்ணத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கும். உள்ளே வரும் காற்று எண்ணெயிலே மோதித் தூசியை அதிலே விட்டுவிட்டு மேலே செல்லும். சேற்று உழவுக் காலத்தில் எப்போதாவது பார்க்கும் இக்கிண்ணத்தைப் புழுதிக் காலத்தில் நாள்தோறும் கழற்றவேண்டும். அடியிலே படிந்திருக்கும் களியிலே முதியவர் சுட்டுவிரலைக் குத்திப் பார்ப்பார். நகத்தளவு ஏறியிருந்தால் எண்ணெயை ஊற்றிவிட்டுக் கிண்ணத்தையும் கம்பிவலையையும் மண்ணெண்ணெயில் அலசிப் புதிதாக நிரப்புவார். கோட்டுக்குக் கீழே நிரப்பினால் தூசி உட்செல்லும். கோட்டுக்கு மேலே நிரப்பினால் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சி, தானாகவே வேகமெடுத்து, நிறுத்தவும் முடியாமல் ஓடத் தொடங்கிவிடக்கூடும். ‘கூட விட்டால் நல்லதுதானே’ என்ற எண்ணம் இயந்திரத்திடம் செல்லுபடியாகாத இடங்களுள் இதுவும் ஒன்று.

முன்னர், சூடு மிதிப்பதற்கும் இதே இயந்திரமே பயன்பட்டது. களத்திலே பரப்பிய கதிர்களின்மேல் மணிக்கணக்காக வட்டமிட்டு ஓடும்போது வைக்கோற் தும்பு றேடியேற்றரின் கண்களையெல்லாம் அடைத்துவிடும். அதனை முன்பக்கத்திலிருந்து நீரடித்துக் கழுவினால் தும்பு இன்னும் ஆழமாக உள்ளே போகும். காற்று வந்த வழிக்கு எதிர்வழியாக, எஞ்சின் பக்கத்திலிருந்தே நீரை விடவேண்டும். இன்று அறுவடை இயந்திரங்கள் வந்து அந்த வேலை ஒழிந்துவிட்டது. ஆயினும் எதிர்வழியாக நீர் விடும் வழக்கம் அந்த வீட்டிலே ஒழியவில்லை.

நீர்வேலை முடிந்த பின்னரே கிறீஸ். ஒவ்வொரு நிப்பிளையும் முதலிலே சீலையால் துடைக்க வேண்டும். துடையாமற் கிறீஸ் கண்ணை வைத்து அழுத்தினால் நிப்பிளின் வாயிலே இருக்கும் மணல் கிறீஸோடு சேர்ந்து உள்ளே போகும்; மருந்தோடு நஞ்சையும் ஊட்டியதாக முடியும். கறுத்த பழைய கிறீஸ் சேற்று நீரோடு பிதுங்கி வெளியேறி, அதன்பின் புதிய கிறீஸ் எட்டிப்பார்க்கும் வரை அழுத்தவேண்டும். இதற்கெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே செல்லும். காலையிலிருந்து உழுது களைத்தவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம் எத்துணை நீளமானது என்பதை முதியவர் அறியாதவரல்லர். அறிந்தே சலுகை காட்டாதிருந்தார்.

இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ற் பூசுவதற்கு மாத்திரம் அவர் ஒருபோதும் உடன்பட்டதில்லை. பெயின்றின் கீழே வெடிப்பும் தெரியாது, கசிவும் தெரியாது என்பது அவருடைய வாதம். சந்தையிலே பளபளக்கும் பழைய இயந்திரங்களை வாங்கி ஏமாந்தவர்கள் அவ்வூரிலும் உளர். எனினும், பெயின்ற் உரிந்த தகட்டிலே துருவேறுவதை அவருடைய வாதம் கவனத்திற் கொள்ளவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மட்காட்டின் ஓரங்கள் அரித்துப் போனமைக்கு அவரே பொறுப்பாளி.

1990 களிலே வன்னிக்குள் எரிபொருளும் பற்றறியும் வருவதற்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. டீசல் கிடையாத நாட்களிலே மண்ணெண்ணெயோடு சிறிதளவு எண்ணெய் கலந்து அந்த எஞ்சினை ஓட்டினார்கள். டீசலிலே இயல்பாக உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லை. மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியிலே சுழலும் எரிபொருட் பம்பி அதனால் தேயும். அது தெரிந்தும் ஓட்டவேண்டியிருந்தது. பற்றறி இல்லாதபோது இயந்திரத்தை மேட்டிலே நிறுத்தி வைத்து, காலையிலே உருட்டி இயக்கினார்கள். வன்னியிலே மேடு எங்கே கிடைக்கும்? வாய்க்காற் கட்டே மேடு. அந்த ஆண்டுகளிலே மூத்த மகன் வளர்ந்து இயந்திரத்தின் சாரதியானான். கழுவும் வேலையும் மெல்ல மெல்ல அவனுடைய கைக்கு மாறியது.

2009 தை மாதத்துத் தொடக்கத்திலே, றெயிலரிலே நெல்மூட்டைகளையும் கூரைத் தகரங்களையும் இரு குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு அவ்வியந்திரம் கிழக்கே புறப்பட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று அது நின்ற ஊர்களின் வரிசை வன்னி மக்கள் அனைவருக்கும் பொதுவானது. நிற்கும் ஒவ்வோரிடத்திலும் மகன் எயார் கிளீனரைக் கழற்றிப் பார்த்தான் என்று முதியவர் இன்றும் சொல்வார். பங்குனி மாதத்திலே மாத்தளனில், றெயிலரின் அருகிலே, எறிகணை விழுந்து அவன் இறந்தான். அப்போது அவனுடைய மகனுக்கு ஐந்து வயது. மறுநாள் முதியவர் கடல்நீரை வாளியிலே கொண்டுவந்து றெயிலரைக் கழுவினார். உப்புநீர் இரும்பை அரிக்கும் என்று வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சொல்லிவந்தவர் அவர். வேறு நீர் இருக்கவில்லை. அந்தக் கழுவலைப்பற்றி அவர் பேசுவதில்லை. அதனைப் பார்த்தவர்கள் சொன்னது இது.

வைகாசியிலே முள்ளிவாய்க்காலில் இயந்திரத்தை விட்டுவிட்டு நடந்தார்கள். விடுமுன்னர் சைலன்சர் குழாயின் வாயை ஒரு பால்மா ரின்னினால் அவர் மூடிவிட்டு வந்தார். உயிர் தப்புமோ என்ற நேரத்திலே இது என்ன வேலை என்று மருமகள் கத்தியதாகக் கூறுவர். மழை அந்தக் குழாய் வழியே இறங்கினால் எஞ்சின் இறுகிப்போகும் என்பதே அவருடைய கவலை. அதனை அப்போது அவராலும் விளக்கியிருக்க முடியாது.

செட்டிகுளத்து முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின்னர், 2011 இல், கைவிடப்பட்ட வாகனங்கள் சேர்த்துக் குவிக்கப்பட்டிருந்த வெளியொன்றிலே தமது இயந்திரத்தைத் தேடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ரயர்கள் இல்லை, பற்றறி, டைனமோ, இன்ஜெக்ரர்கள், ஆசனம் எவையும் இல்லை. எல்லாம் ஒரே துருநிறம். ஒரே வகையைச் சேர்ந்த எலும்புக்கூடுகள் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றின் முன்னச்சின் கீழும் கையை விட்டுத் தடவிக்கொண்டு போனார். இடப்பக்கத்து நிப்பிள் ஒன்று உடைந்தபோது 1980 களிலே அவர் பொருத்திய சைக்கிள் வால்வு ஒன்று அவருடைய இயந்திரத்திலே உண்டு. அது அகப்பட்டதும் மண்ணெண்ணெய்ச் சீலையால் எஞ்சினின் பக்கத்தைத் துடைத்தார். பொறிக்கப்பட்டிருந்த இலக்கம் தெரிந்தது. வாகனப் புத்தகம் எரிந்துபோயிருந்தது. ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகளாக வாரந்தோறும் துடைத்த இலக்கம் அவருக்கு மனப்பாடமாயிருந்தது. அதனைத் துடைக்குமுன்னரே அங்கிருந்த அலுவலருக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதன்பின்னரும் கடிதங்களும் அலைச்சலும் இருந்தன. அவற்றை விரிப்பின் இக்கட்டுரை வேறொன்றாகிவிடும்.

பால்மா ரின்னைக் காணவில்லை. இரு மாரி மழைகள் குழாய் வழியே இறங்கியிருந்தன. எனினும் மூன்று சிலிண்டர்களிலே, வெளிப்போக்கு வால்வு திறந்த நிலையிலே நின்ற ஒன்றுக்குள்ளேதான் நீர் புகுந்திருந்தது. மற்றைய இரண்டும் தப்பியிருந்தன. அவர் இன்ஜெக்ரர்த் துளைகளின் வழியே டீசலையும் எஞ்சின் ஒயிலையும் கலந்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். நாள்தோறும் சக்கரத்தை இரும்புக் கோலினால் முன்னும் பின்னுமாக நெம்பிப் பார்த்தார். பதினோராம் நாள் அது ஒரு விரலளவு அசைந்தது. கெட்டுப்போன சிலிண்டருக்குப் புதிய லைனரும் பிஸ்ரனும் போட்டார்கள். ஏனையவை ஒவ்வொன்றாக, கடனாக, இரண்டு ஆண்டுகளிலே வந்து சேர்ந்தன. 2013 காலபோகத்திலே இயந்திரம் மீண்டும் சேற்றில் இறங்கியது.

மருமகளுக்கு அது மகிழ்ச்சியான நாளாயிருக்கவில்லை. அந்த இயந்திரத்தின் வருமானத்திலேயே அவள் வீட்டு உலை கொதிக்கின்றது என்பதை அவள் மறுப்பதில்லை. எனினும் அதன் சத்தம் கேட்கும்போதெல்லாம் தனக்கு மாத்தளனே நினைவுக்கு வருவதாக அவள் சொல்வதுண்டு. “வித்துப்போட்டு வேறை ஒண்டை எடுங்கோ மாமா” என்று பல தடவை கேட்டிருக்கிறாள். மாமனார் மறுமொழி கூறியதில்லை. அவருடைய மௌனத்திலே பிடிவாதம் இருந்தது என்பது உண்மை. அவளுடைய கோரிக்கையிலே நியாயம் இருந்தது என்பதும் உண்மை.

2022 இன் எரிபொருள் நெருக்கடியிலே டீசலுக்காக வரிசையிலே நின்றவன் பேரன். வழமையாக மாலையிலேயே தாங்கியை நிரப்பி வைப்பது அந்த வீட்டின் பழக்கம். பாதி வெறுமையான தாங்கியிலே இரவுக் குளிருக்கு நீர் வியர்க்கும். அந்த ஆண்டிலே நிரப்புவதற்கு ஏது? காலைதோறும் பில்ரரின் அடியைத் திறந்து நீரை வடியவிட்டு ஓட்டுமாறு முதியவர் சொல்லிக் கொடுத்தார். பேரன் செய்தான். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த ஆண்டிலே அவன் ஒரு குறுக்குவழியைக் கண்டான். 2023 காலபோகத்திலே ஒரு மாலை, வயலிலிருந்து நேரே, வாகனம் கழுவும் நிலையமொன்றுக்கு இயந்திரத்தைக் கொண்டுசென்றான். மோட்டரினால் அமுக்கமேற்றிய நீர் பத்து நிமிடத்திலே எல்லாச் சேற்றையும் அறுத்தெறிந்தது. அன்று சில்லுகளின் உட்குடம் கூடச் சிவப்பாகத் தெரிந்ததாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் அதே குளிர்நீர் சூடான எரிபொருட் பம்பியின்மேல் பட்டிருந்தால் பம்பி சுருங்கி இறுகியிருக்கக்கூடும். அந்த விபத்து எப்படியோ தப்பியது. தப்பாதது வேறு. சேற்றைத் தடுத்து நிற்கும் சீல், அத்தகைய வேகத்தோடு வரும் நீரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. முன்சில்லின் குடத்துக்குள்ளே நீர் புகுந்து கிறீஸைக் கரைத்துவிட்டது. ஐந்தாம் நாள், அயலவர் ஒருவருடைய வயலின் நடுவிலே, முன்சில்லு சாய்ந்து நின்றது.

வாய்க்கால் நீர் முறைவைத்தே வரும். இன்னாருக்கு இன்ன நாள் என்ற ஒழுங்கிலே ஒரு நாள் தவறினால் விதைப்பே பிந்திவிடும். அயலவர் வேறோர் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவரைத் தொடர்ந்து மேலும் மூன்று பேர். அந்தப் போகத்து வருமானத்திலே ஒரு பெரும்பகுதி அவ்வாறு கைநழுவியது. முதியவர் பேரனை ஏசவில்லை. குடத்தைக் கழற்றச் செய்து, துருப்பிடித்து உடைந்திருந்த பெயாரிங் உருளைகளை அவனுடைய உள்ளங்கையிலே ஒவ்வொன்றாக வைத்தார். “உன்ரை கொப்பர் இதை விரலாலை பாத்திருப்பான்” என்று மாத்திரம் சொன்னார். தந்தையைப்பற்றி அவர் பேரனிடம் அதற்கு முன்னர் இவ்வளவு கூடப் பேசியதில்லை. அன்றிரவு பேரன் சாப்பிடவில்லை என்று தாய் குறைப்பட்டாள். மறுநாட் காலை அவன் தானாகவே எயார் கிளீனரின் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, எவ்வளவு களி இருந்தால் மாற்ற வேண்டும் என்று கேட்டான்.

இவ்வாண்டு விதைப்பு முடிந்த கையோடு தரகர் ஒருவர் வந்தார். இவ்வகைப் பழைய இயந்திரங்களுக்குத் தெற்கிலே நல்ல கிராக்கி உண்டென்றும், பெயின்ற் அடித்தால் விலை இன்னும் ஏறுமென்றும் கூறி, அந்த வீட்டார் எதிர்பாராத ஒரு தொகையைச் சொன்னார். மருமகள் வாசலுக்கு வந்து நின்றாள். முதியவர் சற்று நேரம் இருந்துவிட்டு, “அவனைக் கேளுங்கோ” என்றார்.

பேரன் இயந்திரத்தின் கீழே மல்லாந்து கிடந்தான். நட்டை அப்போதுதான் தளர்த்தியிருந்தான். முதலிலே கசிந்தது நீர். ஏழெட்டுத் துளிகளின் பின்னரே எண்ணெய் வந்தது. தரகர் குனிந்து பார்ப்பதற்குள் நட்டை இறுக்கிவிட அவகாசம் இருந்தது. அவன் இறுக்கவில்லை. “சீல் போட்டுது, ஐயா. தண்ணி இறங்குது” என்றான். தரகர் தாம் சொன்ன தொகையிலிருந்து உடனே ஒரு பகுதியைக் குறைத்தார். தாய் ஒன்றும் பேசாது மகனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கீழேயிருந்து வெளியே வந்து, விரலிலே பட்டிருந்த எண்ணெயைப் பாட்டனாரின் விரல்களிலே தொட்டு வைத்தான். அவர் அதனைத் தேய்த்துப் பார்த்து, மணந்து பார்த்து, இன்னும் வெளுக்கவில்லை என்றார்.

சீலைப் போட்டுவிட்டு விலையைப்பற்றிப் பேசலாம் என்று பேரன் தரகரிடம் சொன்னான். தாய் உள்ளே சென்று, அடுப்படித் தகரத்திலிருந்து பணத்தை எடுத்து வந்து, சீலுக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டாள். அவன் பழைய சீலின் இலக்கத்தை ஒரு துண்டிலே எழுதிக்கொண்டு, கிளிநொச்சி பஸ்ஸுக்காக வீதிக்கு ஏறினான்.